கோத்தகிரியில் வலசைப் பறவைகள்: குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

போன ஜனவரிக் கடைசியில் நாங்கள் ஆறு பேர் கோத்தகிரிக்குப் பறவை பார்க்கப் போனோம்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, கேமராவும் கையுமாக மச்சான். திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்து வீட்டாரும் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

ஊட்டியை விட்டுவிட்டு ஏன் கோத்தகிரி?

நாங்களும் முதலில் ஊட்டிக்குத்தான் போனோம். இரண்டு வருடம் முன்பு, அக்டோபர் கடைசியில். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் உயரமான சிகரங்களில் ஒன்று, அங்கே பறவை இல்லாமலா போகும் என்று நினைத்தோம். மேலே நின்றதெல்லாம் வண்டிகளும் மிளகாய் பஜ்ஜியும். அப்புறம் மழை. ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்க ஓடி, ஐந்திலும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஊட்டி மோசமான ஊர் என்று சொல்லவில்லை. கூட்டம் இல்லாத மூலைகள் அங்கேயும் உண்டு. ஆனால் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் கொஞ்சம் மட்டு. தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் சிற்றோடையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வயதானவர்களை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

எந்த மாதம் போகலாம்?

செப்டம்பரிலேயே பறவைகள் வரத் தொடங்கிவிடும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். ஆனால் கோத்தகிரி நீலகிரியின் கிழக்குப் பக்கம் என்பதால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நன்றாகவே அடிக்கும். மண்சரிவில் பாதை அடைபடுவதும் உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சரியான காலம். பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதம் கோடை விடுமுறையில் போய்விட்டு "ஒன்றையும் காணோம்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். அப்போது அவை இமயத்திலோ சைபீரியாவிலோ கூடு கட்டிக்கொண்டிருக்கும்.

வேடந்தாங்கல் மாதிரி கூட்டம் கூட்டமாக இருக்குமா?

இருக்காது. இதைக் கிளம்புவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

வேடந்தாங்கலில் மரம் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு உட்கார்ந்திருப்பவை பெரிய நீர்ப்பறவைகள். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கத்தான் அவை அங்கே கூடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுப் பறவைகளே. நாரையையும் கூழைக்கடாவையும் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று சொல்லும் வழக்கத்தை என்றைக்கு விடப்போகிறோமோ தெரியவில்லை.

மலைக்கு வலசை வருபவை வேறு ரகம். சின்னவை, தனியாக இருப்பவை, இலைக்குள் மறைபவை. குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு மரம், ஒரு ஓடைத் திருப்பம், ஒரு வேலி என்று பிடித்துக்கொண்டு அங்கேயே மேய்கின்றன. கூடு கட்ட வரவில்லை, சாப்பிட வந்திருக்கின்றன. இலைக்கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. ஒரு பவுன் தங்கம் 8 கிராம் அல்லவா, அந்தக் குருவியும் ஏறக்குறைய அவ்வளவுதான். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. பார்த்தால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். அது வந்த தூரத்தைச் சொன்னால்தான் பிளப்பார்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன? குளிருக்குப் பயந்தா?

இலைக்கதிர்க்குருவிகளில் சில இமயத்திலிருந்தும் சில மத்திய ஆசியா, சைபீரியா வரையிலிருந்தும் வருகின்றன. பழுப்புக் கீச்சான் சைபீரியா, மங்கோலியா, சீனப் பக்கத்துப் பறவை. நீலத்தலைப் பூங்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி ஆகியவற்றுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், இந்தியாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே வந்துவிடுகின்றன.

குளிரைவிட வயிறுதான் காரணம். வடக்கே பனி விழுந்தால் பூச்சி இல்லை. பூச்சி தின்னும் பறவைக்கு அங்கே இருந்து பயனில்லை. நம் மலைகளில் ஜனவரியிலும் இலைக்கடியில் புழு கிடைக்கும், ஓடையில் தண்ணீர் ஓடும். என் மகள் கேட்டாள்: "இங்கேதான் எல்லாம் கிடைக்கிறதே, அப்படியானால் ஏன் திரும்பிப் போகிறது?" நல்ல கேள்வி. கோடையில் வடக்கே பகல் நீளம், பூச்சிகள் ஏராளம், போட்டிக்கு ஆளும் குறைவு. குஞ்சு வளர்க்க அது தோது.

சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பயணம் செய்கின்றன. கிளம்புவதற்கு முன் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் வைத்துத் திசை பிடிக்கும். பகலில் இறங்கித் தின்னும், ஓய்வெடுக்கும். பருந்து, கழுகு வகைகள் நேர்மாறு. வெயிலில் மேலெழும் சூடான காற்றில் ஏறி, சிறகை அடிக்காமல் மிதந்து போக வேண்டும் என்பதால் அவற்றுக்குப் பகல்தான்.

ஒவ்வொரு வருடமும் அதே பறவைதான் வருகிறதா?

பல இனங்களில் ஆம். காலில் வளையம் மாட்டிப் பார்த்த ஆராய்ச்சிகள் இதைக் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் இந்த வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. கோடியக்கரை அதன் முக்கிய மையங்களில் ஒன்று. முண்டந்துறைக் காட்டில் 1990-களில் மதுசூதன் கட்டி என்கிற ஆய்வாளர் இலைக்கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்க்கையை ஆராய்ந்தார். பக்கத்து மரத்துக்காரன் எல்லை தாண்டினால் இந்த எட்டு கிராம் ஜீவன் கத்தித் துரத்துகிறது.

தங்கும் விடுதியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாலாட்டி வருடா வருடம் வரும் என்று சொன்னார். நாங்கள் போன அன்றும் அது அங்கே இருந்தது. அதே பறவைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நம்புவதற்குக் காரணம் உண்டு.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம்! எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பதில் இதுதான். சமவெளியில் பறவை பார்க்க இருட்டோடு கிளம்ப வேண்டும். மலையில் ஜனவரிக் குளிரில் பூச்சிகளும் விறைத்துக்கிடக்கும். வெயில் மரத்தின் உச்சியில் பட்டபிறகுதான் குருவிகள் சுறுசுறுப்பாகும். ஏழு மணிக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, எந்த மரத்தில் முதலில் வெயில் விழுகிறதோ அதன் கீழே போய் நில்லுங்கள். ஏழரையிலிருந்து பத்து வரை நல்ல நேரம். மாலையில் நாலிலிருந்து ஐந்தரை.

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? அம்மாவுக்கு முட்டி வலி.

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

என் அம்மாவுக்கும் முட்டி வலி. முதல் நாள் காலை, தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு சிறு பாலம், கீழே ஓடை. "நீங்கள் போய்விட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று பாலத்துச் சுவரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேரும் மூன்று கிலோமீட்டர் நடந்து, மூச்சு வாங்கித் திரும்பியபோது எங்கள் நோட்டில் ஒன்பது பறவைகள். பிள்ளைகளின் சண்டைச் சத்தத்தில் பாதி பறந்துபோயிருக்கும்.

அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னார். மஞ்சள் வயிறு, நீள வால், ஓயாமல் ஆட்டுகிறது: சாம்பல் வாலாட்டி. சிவப்புக் கண், வால் நுனி இரண்டாகப் பிரிந்தது, காய்ந்த கிளையின் உச்சியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடிக்கிறது: சாம்பல் கரிச்சான். நீலத் தலை, செங்கல் நிற வயிறு, சிறகில் வெள்ளைப் பொட்டு, அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தது: நீலத்தலைப் பூங்குருவி ஆண். இப்படிப் பதினான்கு. பெயர்களை நாங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னோம், பார்த்தது அவர்தான்.

காரணம் புரிந்துகொள்ள எளிது. குளிர்காலத்தில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்ட பறவை அதற்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் நடந்தால் ஒவ்வொரு பறவையின் எல்லையையும் ஒரு முறை, அதுவும் அது வேறு மூலையில் இருக்கும்போது கடந்துவிடுவீர்கள். உட்கார்ந்திருந்தால் அதுவே ரவுண்டு வரும். மறுநாள் எல்லோரும் பாலத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம்.

சோலை ஓரங்களில் இன்னொன்றும் நடக்கும். அரை மணி நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று மரம் முழுக்கச் சத்தம். பட்டாணிக்குருவி, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், மரத்தில் தலைகீழாக இறங்கும் பசைஎடுப்பான், நடுவில் நம் வலசை வந்த இலைக்கதிர்க்குருவிகள் எல்லாம் ஒரே கூட்டமாக மேய்ந்துகொண்டு வரும். ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் மச்சான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை போகிறவர்கள் எதையெல்லாம் எளிதாக அடையாளம் காணலாம்?

பாலத்தில் அம்மா பார்த்த மூன்றுமே (சாம்பல் வாலாட்டி, சாம்பல் கரிச்சான், நீலத்தலைப் பூங்குருவி) எளிது. அப்புறம் பழுப்புக் கீச்சான்: தேயிலைச் செடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, வேலிக்கம்பி, இப்படி ஒன்றில் உட்கார்ந்து தரையைப் பார்க்கும், கண்ணைச் சுற்றிக் கள்வன் முகமூடி போல் கறுப்புப் பட்டை, இறங்கிப் பூச்சியைக் கவ்விக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பும். பழுப்பு ஈப்பிடிப்பானும் அப்படித்தான், ஆனால் நிழலில் இருக்கும். பெரிய கண்.

நடுப்பகலில் கோடநாடு காட்சிமுனைப் பக்கம் போனால் சரிவுக்கு மேல் ஒரு சிறு வேட்டைப்பறவை ஒரே இடத்தில் சிறகடித்து, நூலில் கட்டித் தொங்கவிட்டது போல் நிற்பதைப் பார்க்கலாம். சிவப்பு வல்லூறு. இவற்றில் சில இம்மலையிலேயே வாழ்பவை, சில குளிர்காலத்துக்கு வந்தவை. எது எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

இலைக்கதிர்க்குருவிகளை இனம் பிரிக்கும் வேலையில் மட்டும் முதல் தடவையே இறங்காதீர்கள். அனுபவசாலிகளே குரலைக் கேட்டுத்தான் சொல்வார்கள். நோட்டில் "இலைக்கதிர்க்குருவி" என்று எழுதினால் போதும்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் பார்த்தீர்களா?

இல்லை. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. வடமேற்கு இமயத்தில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிறது. இரண்டு நாள் தேடினோம். அடுத்த வருடம் மறுபடி தேடுவோம்.

நாங்கள் இலங்கையில் இருக்கிறோம். எங்களுக்கு எது?

நுவரெலியா. நகரத்துக்கு நடுவிலேயே இருக்கும் விக்டோரியா பூங்கா, காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கும் ஆறுமணிக்குருவிக்கும் பெயர்போனது. காட்டுக்குள் போகவே வேண்டாம், பூங்காவில் பெஞ்சில் உட்காரலாம். எங்களுக்குப் பொறாமைதான்.

பைனாகுலர் கட்டாயமா? எது வாங்குவது?

பாலத்தடி வாலாட்டியைப் பார்க்கப் பைனாகுலர் தேவையில்லை. மரத்து உச்சிக்கு வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று போதாது, சண்டை வரும். இரண்டாவது இருந்தால் நல்லது. 8x42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுங்கினால் காட்சியும் அத்தனை மடங்கு நடுங்கும். பிள்ளைகளுக்கு எடை குறைந்த 8x30 தோது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். என் அம்மா அதைச் செய்யாமல் அரை நாள் "கறுப்பாகத்தான் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பயிற்சி: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவா. வீட்டு மொட்டைமாடியில் காக்கையை வைத்துப் பழக்கலாம்.

போனில் செயலி இருந்தால் போதுமா? குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

மெர்லின் என்கிற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவியானதுதான், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் எழுதிக்கொள்ளாதீர்கள். கிளம்பும் முன் இந்தியாவுக்கான பகுதியைத் தரவிறக்கி வையுங்கள். தோட்டங்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது.

குரலை ஒலிபரப்பி வரவழைப்பது வேண்டாம். எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று அது மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி வரும். அத்தனை தூரம் திரும்பிப் பறக்கச் சதை சேர்க்க வேண்டிய பறவையை நம் படத்துக்காக அலைக்கழிப்பது நியாயமில்லை. இதில் மச்சானுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு; ஸ்பீக்கரை என் மனைவி வாங்கி வைத்துக்கொண்டார்.

சின்னப் பிள்ளைகள் அலுத்துப்போக மாட்டார்களா?

போவார்கள். ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் இழுத்தால் எல்லோருக்கும் எரிச்சல். என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்குப் பறவையின் பெயரைவிட "வாலை நிமிடத்துக்கு எத்தனை தடவை ஆட்டுகிறது" என்று எண்ணுவதுதான் பிடித்தது. எண்ணட்டும். சூடான வர்க்கியும் டீயும் கிடைக்கும் கடை பக்கத்தில் இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

லாங்வுட் சோலைக்குள் போகலாமா?

வனத்துறை அனுமதி வாங்கினால் போகலாம், அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டாதீர்கள். 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலைதான் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. கீழே உள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் இதிலிருந்துதான் ஊறி வருகிறது. உள்ளே நீலகிரி சிரிப்பான், நீலகிரி காட்டுப்புறா என்று வலசையே போகாத மண்ணின் மைந்தர்கள் உண்டு. சிரிப்பான் பெயருக்கேற்றபடி கூட்டமாகச் சிரிக்கும். என் மகளுக்கு வலசைப் பறவைகளைவிட இதுதான் பிடித்துப்போனது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

அனுமதி கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. வலசை வருபவற்றில் பல சோலையின் ஓரத்தையும், தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களையும், உண்ணிச்செடிப் புதரையும் விரும்புபவை. பொதுச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

காட்டு விலங்கு பயம் உண்டா?

காட்டெருமை உண்டு; தேயிலைக்கு நடுவே மாடு போல் நிற்கும். மாடு இல்லை. படம் எடுக்கக் கிட்டே போகாமல் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். கரடியும் இந்தப் பக்கம் நடமாடும், ஆகவே இருட்டுவதற்குள் விடுதிக்கு வந்துவிட வேண்டும். உள்ளூர்க்காரர் போகாதே என்றால் போகாதீர்கள். அட்டை ஜனவரியில் குறைவு.

வண்டி, இ-பாஸ்?

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து உண்டு. மலை ரயில் குன்னூர் வழியாக ஊட்டி போவது, கோத்தகிரிக்கு வராது. காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அக்டோபரில் எங்கள் மாடியில் பல வண்ணத்தில் ஒரு பறவை விழுந்துகிடந்தது. அதுவும் வலசைப் பறவையா? என்ன செய்வது?

பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு, குட்டை வால் என்றால் அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் வந்த பெயர். வடக்கிலிருந்து தெற்கே வரும் வழியில் களைத்தோ கண்ணாடியில் மோதியோ சென்னை வீடுகளில் விழுவது உண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, பூனை அண்டாத, சத்தமில்லாத இருட்டறையில் சில மணி நேரம் வையுங்கள். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாலையில் செடிகொடி உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

எங்கள் மாடியிலும் ஒரு தடவை விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, இரண்டு தத்துத் தத்தியது, புதருக்குள் போய்விட்டது. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஐம்பது. "பத்து நிமிஷம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.